பரோ மதுக்கடையும் மாடப்புறாவும்

லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பரோ என்றொரு பகுதி. 1850களின் நடுவில் ஒரு மாலை, அங்கிருந்த மதுக்கடை ஒன்றில் புறா வளர்ப்பவர்கள் கூடியிருந்தார்கள். யார் எந்த ஜோடி போட்டார், யாருடைய குஞ்சு எப்படி வந்திருக்கிறது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவே ஒரு சங்கதி கசிந்தது. உடம்பு பெருக்க வேண்டும் என்பதற்காக புல்ட் என்பவர் தன்னுடைய பவுட்டர் ரகப் புறாக்களை ரன்ட் ரகத்தோடு கலந்துவிட்டாராம். அவ்வளவுதான், மேசையைச் சுற்றியிருந்த தலைகளெல்லாம் துக்க வீட்டில் ஆடுவதுபோல மெல்ல ஆடின. குலத்துக்கே இழுக்கு வந்துவிட்ட பாவனை.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து புறாக்காரர்களின் தலையசைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் சார்லஸ் டார்வின். கென்ட் பகுதியின் டௌன் கிராமத்திலிருந்து வந்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து, 1859 நவம்பரில், நண்பர் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் காட்சியை அவர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தார். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு வாதம் இருந்தது. நல்ல ரகத்தை உண்டாக்க இவர்கள் கலப்பை நம்புவதில்லை, அதை அசிங்கமாகவே நினைக்கிறார்கள். அப்படியானால் இத்தனை விதவிதமான புறாக்கள் எப்படி வந்தன?

பரிணாமத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லவரும் புத்தகங்கள் பெரும்பாலும் கலாபகஸ் தீவுகளில், அங்குள்ள குருவிகளின் அலகில் தொடங்கும். டார்வின் அங்கே தொடங்கவில்லை. ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயம் வீட்டு விலங்குகளையும் பயிர்களையும் பற்றியது. அதில் பெரிய இடம் பிடித்திருப்பது புறா. உலகத்தைப் புரட்டிப்போட்ட அந்தக் கருத்துக்கு வாசற்படியாக அமைந்தது, நெசவாளர்களும் கடைக்காரர்களும் கூரைமேல் கூண்டு வைத்து நடத்திவந்த ஒரு பொழுதுபோக்கு.

புறா வளர்ப்பு இங்கிலாந்தில் அதற்கு வெகுகாலம் முன்பே வேர்விட்டிருந்தது. 1685இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை ரத்துசெய்தபோது, ஹியூகனாட் குடும்பங்கள் பல தப்பி லண்டனுக்கு வந்தன. கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டுத் தறி போட்டன. வெளிச்சம் வேண்டுமென்று மேல்மாடியில் தறி, அதற்கும் மேலே கூரையில் புறாக்கூண்டு. பறவை வளர்ப்பு அந்தத் தெருக்களின் அடையாளமாகவே ஆகிப்போனது. 1735இல் ஜான் மூர் என்பவர் புறாக்களைப் பற்றி ‘கொலம்பேரியம்’ என்ற நூலை வெளியிட்டார். ஒவ்வொரு ரகமும் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் எழுதிவைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜான் மேத்யூஸ் ஈட்டன் அந்த நூலைத் தூசுதட்டித் தன் குறிப்புகளோடு மறுபடி கொண்டுவந்தார். ஈட்டனுக்கு உயிர், வாதுமை நிறம் படர்ந்த குட்டை முகக் கரணப் புறா. நடை, தலை, அலகு, கண், இறகு என்று ஐந்து லட்சணங்களை வைத்து அதை எடைபோட்டார்கள்.

டார்வின் காலத்துக்குள் லண்டனில் புறாச் சங்கங்கள் பல முளைத்திருந்தன. வசதி படைத்தவர்களுக்கு ஃபிலோபெரிஸ்டெரான் சங்கம். பெயரே கிரேக்கத்தில் ‘புறாப் பிரியர்’ என்று பொருள்படும். சாதாரண மக்களுக்கு மதுக்கடைக் கூடத்தில் கூடும் சங்கங்கள்.

அந்தச் சங்கங்களில் காட்சிக்கு வந்த பறவைகளைப் பார்த்தால் ஒரே இனம் என்று நம்புவது கஷ்டம். விசிறிவால் புறாவுக்கு, அதாவது வட இந்தியாவில் லக்கா என்று சொல்வதற்கு, வாலில் முப்பது, நாற்பது இறகுகள்கூட இருக்கும். மற்றப் புறாக்களுக்குப் பன்னிரண்டோ பதினான்கோதான். பவுட்டர் தொண்டைப்பையைக் காற்றால் ஊதி, மார்புக்குமேல் பந்தைச் சுமப்பதுபோல நிற்கும். கேரியருக்கு நீண்ட அலகு, மூக்கைச் சுற்றிக் காலிஃபிளவர் மாதிரி சதை. ஜாக்கோபின் கழுத்து இறகுகள் முன்னோக்கிச் சுருண்டு, முக்காடு போட்டதுபோல் தலையை மறைக்கும். ஆங்கிலேயர் டம்ளர் என்று அழைத்த புறா வானில் குட்டிக்கரணம் போடும். வடசென்னை மொட்டைமாடிகளில் கர்ணப் புறா என்று இன்றும் பறக்கவிடுகிறார்களே, அதே வித்தைதான்.

டார்வின் இந்த உலகத்துக்குள் நுழைந்தது 1855இல். அப்போது அவருக்கு 46 வயது. பீகிள் கப்பலில் அவர் போய்வந்த பயணம் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் 1838லேயே மனதில் விழுந்துவிட்டது. நடுவில் எட்டு ஆண்டுகளைப் பாறைகளிலும் கப்பல் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளுக்குச் செலவிட்டிருந்தார். இனி எண்ணத்துக்குச் சான்று சேர்க்கவேண்டும். புறா வளர்க்கச் சொல்லித் தூண்டியவர் பறவையியலாளர் வில்லியம் யாரெல். தோட்டத்தில் கூண்டு எழுந்தது, விசிறிவாலும் பவுட்டரும் வந்து இறங்கின. வேலைக்கென்று வாங்கிய பறவைகள் கொஞ்ச நாளில் செல்லங்களாகிவிட்டன. கொன்று எலும்புக்கூடு எடுக்க மனம் வரவில்லை என்று நண்பர்களிடம் புலம்பினார். நிலவியலாளர் லயலை வீட்டுக்கு அழைத்தபோது, மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய விருந்தே தன் புறாக்களைப் பார்ப்பதுதான் என்று எழுதினார்.

இரண்டு லண்டன் சங்கங்களில் உறுப்பினராகவும் சேர்ந்தார். கோழி, புறா விஷயங்களில் கரைகண்ட டெகெட்மையர் அவருக்குத் துணையானார். ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் பிரென்ட் என்ற புறாக்காரர், கேட்காமலேயே ஒரு களிமண் புகைக்குழாயை எடுத்து டார்வின் கையில் கொடுத்தார். கூட்டத்தில் சேர்ந்தால் புகைக்கத்தானே வேண்டும் என்பதுபோல. விசித்திரமான மனிதர்கள் என்று மகன் வில்லியமுக்குக் கடிதம் எழுதினார் டார்வின். ஆனால் அந்த விசித்திர மனிதர்களிடம் மாணவனாக உட்கார அவர் தயங்கவில்லை.

அங்கே அவர் கற்றது, கண்ணால் பார்ப்பது எப்படி என்பதை. புறாக்காரர் ஒரு கூண்டுக் குஞ்சுகளைப் பார்ப்பார். மற்றவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அவருக்கு மட்டும் ஒன்றின் அலகு ஒரு மயிரிழை குட்டை என்று தெரியும். அதைத் தனியே எடுத்து வளர்த்து, அதேபோன்ற இன்னொன்றோடு ஜோடி போடுவார். அடுத்த ஈட்டில் இன்னும் ஒரு மயிரிழை. மகன் காலத்தில் இன்னும் கொஞ்சம். இப்படி மயிரிழைகள் சேர்ந்து சேர்ந்து, ஒரு மனிதனின் ஆயுளைத் தாண்டி, புதிய ரகமாக நிற்கும். கேட்ட இறகை மூன்று ஆண்டில் உண்டாக்கித் தருவேன், தலையும் அலகும் வேண்டுமானால் ஆறு ஆண்டு ஆகும் என்று சொல்லக்கூடிய வல்லவராக சர் ஜான் செப்ரைட் பேர்பெற்றிருந்தார்.

இதில் திட்டமிடல் எல்லா நேரமும் தேவைப்படவும் இல்லை. விசிறிவாலை உண்டாக்க வேண்டும் என்று முதலில் யாரும் கனவு கண்டிருக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு வால் உலகத்தில் இருந்ததில்லை. எப்போதோ ஒருவர் கூண்டில் ஒரு குஞ்சின் வால் சற்றே அகலமாக விரிந்திருக்கும். பார்க்க நன்றாயிருக்கிறதே என்று அதை வைத்துக்கொண்டிருப்பார். மற்றவை குழம்புக்குப் போயிருக்கும். அந்த முதல் மனிதருக்குத் தான் எதைத் தொடங்கிவைத்தோம் என்று தெரிந்திருக்காது.

டார்வின் தேடல் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. அபுல் ஃபஸலின் ஆயினி அக்பரியைப் புரட்டினார். 1600ஆம் ஆண்டுவாக்கில் அக்பரின் அரசவை எங்கே போனாலும் இருபதாயிரத்துக்குக் குறையாமல் புறாக்களும் கூடப் போயின என்றும், ஈரான், துரான் மன்னர்கள் அபூர்வப் புறாக்களை அவருக்கு அனுப்பினார்கள் என்றும் அதில் இருந்தது. அவையில் புறா விடும் விளையாட்டுக்கு இஷ்க்பாஸி, காதல் விளையாட்டு, என்றே பெயர். லோட்டன் என்ற இந்தியத் தரைக்கரணப் புறாவும் அவர் கவனத்தை இழுத்தது. அதை லேசாகக் குலுக்கித் தரையில் விட்டால், யாராவது கையில் எடுக்கும்வரை தலைகுப்புற உருண்டுகொண்டே இருக்கும். கல்கத்தாவிலிருந்து விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் அனுப்பினார்.

மதராஸுக்கும் இதில் பங்கு உண்டு. மதராஸ் அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட், பழம்பொருள், நாணயம், பறவை என்று எல்லாவற்றிலும் ஆர்வம் கொண்டவர். 1856 ஜனவரியில் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதி, வீட்டுப் புறா, கோழி ஆகியவற்றின் பாடம் செய்த தோல்கள் கிடைக்குமா என்று கேட்டார். எலியட் அனுப்பிவைத்தார். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தியாவிலிருந்து வந்த அந்தத் தோல்களுக்காக எலியட்டுக்கு நன்றி பதிவாகியிருக்கிறது.

சேர்த்த பறவைகளை டார்வின் அளந்தார், நிறுத்தார், கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எலும்புக்கூடும் எடுத்தார். முட்டையிலிருந்து வந்து பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளை அளந்து பார்த்தபோது, பெரியவையாகி இவ்வளவு மாறிப்போகும் ரகங்கள் குஞ்சில் அந்த அளவுக்கு வேறுபடவில்லை என்று கண்டார். குட்டை முகக் கரணப் புறா மட்டும் விலக்கு. குறைந்தது இருபது ரகங்களை, காட்டுப் பறவைகள் என்று சொல்லி ஒரு பறவையியலாளரிடம் கொடுத்தால், தனித்தனி இனங்கள் என்று பெயர் சூட்டிவிடுவார் என்பது அவர் கணிப்பு.

இங்கேதான் அவருக்கும் புறாக்காரர்களுக்கும் கருத்து பிரிந்தது. தேர்ந்தெடுப்பதன் வலிமை அவர்களுக்குத் தெரியும், தினமும் செய்கிறார்கள். ஆனால் பவுட்டரும் விசிறிவாலும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனிக் காட்டு மூதாதை உண்டு என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. டார்வினோ, எல்லாம் ஒரே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்றார். பாறை இடுக்கிலும் மாடத்திலும் கூடுகட்டும் நீலச்சாம்பல் நிறப் புறா அது. இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், ஐரோப்பிய வகையில் இடுப்புக்குப் பின்னே ஒரு வெள்ளைத் திட்டு.

நிரூபிக்க ஒரு சோதனை செய்தார். வெள்ளை விசிறிவாலையும், கறுப்பு நிற பார்ப் ரகத்தையும் ஜோடி சேர்த்தார். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டான குஞ்சுகள் வந்தன. அவற்றைத் தங்களுக்குள் ஜோடி சேர்த்தார். பேரக்குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து இறகு விரித்தபோது, அழகான நீல உடம்பு, வெள்ளை இடுப்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை! தாத்தா பாட்டி யாரிடமும் இல்லாத நிறம், காட்டு மாடப்புறாவின் நிறம், தலைமுறைகளைத் தாண்டி வந்து நின்றது. தனித்தனி மூதாதைகள் என்றால் இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

இனி எஞ்சியது ஒரே கேள்வி. கூண்டில் தேர்ந்தெடுக்கப் புறாக்காரர் இருக்கிறார். காட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் குழந்தைகளிடம் ஒரு கணக்கைக் கொடுக்கலாம். ஒரு புறா ஒரு ஈட்டில் இரண்டு முட்டை இடும். ஆண்டுக்கு ஐந்து ஈடு என்று வைத்துக்கொள்வோம், பத்துக் குஞ்சு. எதுவும் சாகாமல், அடுத்த ஆண்டு எல்லா ஜோடியும் இதேபோல் பெருகினால், ஒரு ஜோடி பத்து ஆண்டில் எத்தனை ஆகும்? ஒவ்வோர் ஆண்டும் ஆறு மடங்கு. விடை 12 கோடிக்கும் மேல். ஊரில் அத்தனை புறா இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் பிறந்தவற்றில் பெரும்பாலானவை வளர்ந்து குஞ்சு பொரிப்பதற்கு முன்பே போய்விடுகின்றன. பருந்து, பூனை, பசி, நோய், குளிர். டார்வினுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. கூண்டு கட்டுவதற்குச் சற்று முன் வந்த 1854-55 குளிர்காலம், அவர் தோட்டத்துப் பறவைகளில் ஐந்தில் நான்கு பங்கைக் கொன்றுவிட்டது என்று அவரே மதிப்பிட்டிருந்தார்.

மிஞ்சிய அந்த ஐந்தில் ஒன்று எப்படி மிஞ்சியது? பல பறவைகள் வெறும் அதிர்ஷ்டத்தால். சிலவோ கொஞ்சம் அடர்ந்த இறகால், கொஞ்சம் சாமர்த்தியமாக இரை தேடியதால். குஞ்சுகள் பெற்றோர் சாயலில் பிறக்கின்றன. ஆகவே தப்பியவற்றின் தன்மை அடுத்த தலைமுறையில் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும். இது ஆயிரம், லட்சம் தலைமுறை நடந்தால் உருவமே மாறிவிடும். இதைத்தான் டார்வின் இயற்கைத் தேர்வு என்றார். எந்தப் பறவையும் ஆசைப்பட்டுத் தன் வாலை வளர்த்துக்கொள்ளவில்லை. ஒரு புறா வாழ்நாளில் வேறு புறாவாக மாறுவதுமில்லை. மாறுவது கூட்டத்தின் கலவை.

மனிதனின் தேர்வும் இயற்கையின் தேர்வும் ஒரே மாதிரி வேலை செய்தாலும் இரண்டின் ரசனை வேறு. இதற்குக் குட்டை முகக் கரணப் புறாவே நல்ல சாட்சி. அலகு சிறுத்துச் சிறுத்து, முட்டை ஓட்டை உடைக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டது. வெளிவருபவற்றைவிட ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சுகள் அதிகம். அதனால் புறாக்காரர்களே பக்கத்திலிருந்து ஓட்டை உடைத்துவிட்டார்கள். காட்டில் உடைத்துவிட ஆள் கிடையாது. அங்கே அந்த அலகு ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாது.

இதே காலத்தில் இதே முடிவுக்குத் தனியாக வந்துசேர்ந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், வீட்டு விலங்குகளை வைத்துக் காட்டு விலங்குகளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று எழுதினார். 1858 ஜூலை 1ஆம் தேதி லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வின் மட்டும் புறாவை விடவில்லை.

புத்தகம் வெளிவருமுன் ஒரு வேடிக்கை நடந்தது. பதிப்பாளர் ஜான் மர்ரி கையெழுத்துப் பிரதியை விட்வெல் எல்வின் என்ற பாதிரியாரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். குவார்ட்டர்லி ரிவ்யூ இதழின் ஆசிரியர் அவர். எல்வினுக்குக் கொள்கை பிடிக்கவில்லை, புறா பிடித்துவிட்டது. புறாவைப் பற்றி மட்டும் ஒரு சின்னப் புத்தகம் போடச் சொல்லுங்கள், புறா என்றால் எல்லாருக்கும் ஆசை, நன்றாக விற்கும் என்று 1859 மே மாதம் ஆலோசனை சொன்னார். டார்வின் கேட்கவில்லை. நவம்பர் 24ஆம் தேதி முழுப் புத்தகமும் வந்தது. முதல் பதிப்பு 1,250 படிகள், உடனே தீர்ந்தன. எல்வின் ஆசைப்பட்டதும் ஒருவகையில் நடந்தது. 1868இல் வந்த வேறொரு நூலில் டார்வின் புறாவுக்கென்றே இரண்டு நீண்ட அத்தியாயங்கள் ஒதுக்கினார்.

மதுக்கடையில் தீராத வழக்குக்கு மரபணு ஆய்வுக்கூடம் பின்னாளில் தீர்ப்பு எழுதியது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷபீரோ குழுவினர் மாடப்புறாவின் மரபணுத்தொகுதியைப் படித்து, பல ரகங்களோடு ஒப்பிட்டு, 2013இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். எல்லா ரகமும் மாடப்புறாவின் வழிவந்தவையே. கொண்டை உள்ள ரகங்களின் கொண்டைக்கெல்லாம் ஒரே மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றம்தான் காரணம் என்பதும் தெரிந்தது. ஒருமுறை எங்கோ தோன்றிய மாற்றத்தைப் புறாக்காரர்கள் ரகம் ரகமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அந்த வெள்ளை இடுப்புக்கும் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில், தெருப் புறாக்களைப் பொரி வல்லூறு வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வெள்ளை இடுப்புப் புறாக்கள் மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே பிடிபட்டன. நிறம்தான் காரணமா என்று சோதிக்க, புறாக்களின் இடுப்பு இறகுகளை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டினார்கள். வெள்ளையை இழந்தவை அதிகம் பிடிபட்டன, வெள்ளை பெற்றவை தப்பின. மேலிருந்து பாய்ந்துவரும் வல்லூறின் கண்ணை அந்தத் திட்டு ஒரு கணம் ஏமாற்றுவதால், புறா உருண்டு விலக நேரம் கிடைக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். 2005இல் நேச்சர் இதழில் இது வெளியானது. டார்வினின் பேரக்குஞ்சுக்குத் திரும்பி வந்த அதே அடையாளத்தின்மேல் இயற்கை கை வைத்ததைக் கண்ணால் பார்த்த ஆய்வு அது.

டார்வின் சேர்த்த புறாத் தோல்களும் எலும்புகளும் இன்றும் பிரிட்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அடுத்தமுறை பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போகும்போது கோபுரத்து மாடங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று எண்ணட்டும். இடுப்பு பெரும்பாலும் சாம்பல் நிறமாகவே இருக்கும், இந்திய மாடப்புறாவின் வழக்கம் அது. கூட்டத்தில் ஒரு வெள்ளையோ புள்ளிபோட்டதோ தென்பட்டால், அதன் முன்னோரில் ஒன்று யாரோ ஒரு புறாக்காரரின் கூண்டிலிருந்து பறந்துவந்ததாக இருக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.